முதல் வரியும் கடைசி வரியும்

சென்னையிலிருந்து வரும் பேருந்து உளுந்தூர்பேட்டையைத் தாண்டினால் திருச்சிக்கும் போகலாம், கள்ளக்குறிச்சி வழியாகச் சேலத்துக்கும் போகலாம். அதனால் கண்டக்டர் ஊர்ப்பெயரைக் கூவிய பிறகுதான் இங்கே யாரும் படியில் கால் வைப்பார்கள். பேச்சைக் கேட்க வந்தவரும் அப்படித்தான். எங்கே கூட்டிப் போகிறீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

நம் மேடைகளிலோ மைக்கைப் பிடித்ததும் தலைவர், முன்னிலை வகிப்பவர், வரவேற்றவர் என்று ஒவ்வொருவராக 'அவர்களே, அவர்களே' என்று விளித்து முடிப்பதற்குள் பின்வரிசை எழுந்து போய்விடுகிறது. அவையோர் அனைவருக்கும் வணக்கம் என்று ஒரே வரியில் சொன்னால் யாருக்கும் மரியாதை குறைந்துவிடாது.

உளுந்தூர்பேட்டையில் சாரதா ஆசிரமம் இருக்கிறது. அதனால் விவேகானந்தர் பெயர் இந்த ஊருக்குப் பழக்கமானது. அளசிங்கப் பெருமாள் முதலிய சென்னை அன்பர்கள் வீடு வீடாகப் பணம் திரட்டி அனுப்பிவைத்த அந்தத் துறவி, 1893 செப்டம்பர் 11 அன்று சிகாகோவில் சர்வசமயப் பேரவை மேடையில் ஏறினார். தம் முறை வந்தபோதெல்லாம் பிறகு, பிறகு என்று தள்ளிப்போட்டு, பிற்பகலில்தான் எழுந்தார். முன்பின் அறியாத அமெரிக்க மக்களைச் சகோதரிகளே, சகோதரர்களே என்று அழைத்தார். அரங்கமே கைதட்டியது. இதைப் பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம்.

அந்த உரையின் முடிவை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. அன்று காலை பேரவையின் தொடக்கமாக மணி அடித்தார்கள். சில நிமிடங்களே நீடித்த உரையை முடிக்கும்போது விவேகானந்தர் அந்த மணியைத்தான் எடுத்துக்கொண்டார். மதவெறிக்கு அதுவே சாவுமணியாகட்டும் என்று நம்புவதாகச் சொன்னார். எல்லோர் காதிலும் விழுந்திருந்த ஓசை அது. பேசியதைத் திரும்பத் தொகுக்கவும் இல்லை, நேரமில்லை என்று வருந்தவும் இல்லை. 'இறுதியாக' என்று மூன்று முறை சொல்லிவிட்டு மேலும் கால்மணி நேரம் பேசுகிறவர்கள் அந்த உரையை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும்.

நான் சொல்ல வந்தது பெரிய மேடைக்காரர்களுக்காக மட்டும் இல்லை. ஆண்டுக்கு ஆறு முறை கிராமசபை கூடுகிறது. நம் ஒன்றியத்துக் கிராமங்களில் ஓர் அக்கா எழுந்து நின்றால் இரண்டு நிமிடம் கிடைப்பதே அரிது. "ஐயா, எங்கள் நிலைமையை யார் கேட்கிறார்கள்" என்று தொடங்கினால் அந்த நேரம் புலம்பலிலேயே கரைந்துவிடும். "மேட்டுத் தெருக் குழாயில் பத்து நாளாகத் தண்ணீர் வரவில்லை" என்று தொடங்கட்டும். பேச்சு நடுவில் தடுமாறினாலும் பாதகமில்லை. கடைசி வரியை மட்டும் வீட்டிலேயே சொல்லிப் பழகிக்கொண்டு வரட்டும்: "குழாயை எந்தத் தேதிக்குள் சரிசெய்வீர்கள் என்று தீர்மானப் புத்தகத்தில் இப்போதே எழுதுங்கள்." சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம்.