தெருக்கோடிக் குழாய்

பொது சுகாதாரமும் சமுதாயப் பணியும் படித்து முடித்து இன்று பட்டம் பெறும் பிள்ளைகளே, நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம். ஒரு கிராமத்தில் கீழத்தெருவில் மட்டும் வயிற்றுப்போக்கு. மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்டோம். தொட்டியடியில் சோதித்தால் குளோரின் சரியாக இருந்தது. உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களைக் கொடுத்தோம். "தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள்" என்று ஒலிபெருக்கியில் சொன்னேன். நோய் நிற்கவில்லை.

எங்கள் கிராம சுகாதார செவிலியர் ஒருநாள் விடியற்காலை நாலரை மணிக்கே போய்க் கீழத்தெருத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் பிடிக்கிற பெண்களோடு பேச்சு. எட்டு மணிக்கு வந்து, "டாக்டர், வந்து பாருங்க" என்று கூட்டிப்போனார்.

குழாயில் தண்ணீர் ஏறாததால், வாசலுக்கு வாசல் முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டிக் குழாயை வெட்டித் தாழ்த்தியிருந்தார்கள். குழிக்குள் குடத்தை இறக்கித்தான் பிடிக்க வேண்டும். ஒட்டியே சாக்கடை. தண்ணீர் நின்றதும் காலியாகும் குழாய், குழியில் தேங்கிக் கிடப்பதை உள்ளே இழுத்துக்கொள்ளும். மறுநாள் முதல் குடத்தில் வருவது அதுதான். அங்கே சோதித்தோம், குளோரின் துளியும் இல்லை.

தண்ணீர் ஏன் ஏறவில்லை? மேலத்தெருவில் குழாயிலேயே மோட்டார் வைத்து உறிஞ்சினார்கள். கீழத்தெருவில் யார் குடியிருப்பார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சுள்ளி பொறுக்கிச் சோறு பொங்குகிற அந்த வீடுகளிடம்தான் குடம் குடமாகக் காய்ச்சச் சொல்லியிருக்கிறேன். அதை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

வாசலுக்கே போய்ப் பார்க்க வேண்டும் என்ற பாடம் எனக்குப் புதிதல்ல. நாங்கள் படித்த காலத்தில் சமூக மருத்துவ வகுப்பென்றால் பாதி பெஞ்சு காலியாக இருக்கும். அறுவை சிகிச்சைக் கூடம்தான் எல்லாருக்கும் கனவு, எனக்கும்தான். ஒரு பேராசிரியர் மட்டும் சேத்துப்பட்டுக் காசநோய் ஆய்வைச் சொல்லி எங்களை உட்கார வைப்பார். 1956-ல் சென்னையில் தொடங்கிய மையம் நடத்திய ஆய்வு அது. நோயாளிகளில் ஒரு சாராரை சானடோரியத்தில் வைத்தார்கள். மற்றவர்களுக்கு அவரவர் இடுக்கு வீட்டிலேயே மருந்து. 1959-ல் முடிவு வந்தது: வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். குடும்பத்தாருக்குக் கூடுதலாகத் தொற்றவில்லை என்பதும் பிறகு தெரிந்தது. காசநோய்க்கு உலகம் மருத்துவம் பார்க்கும் முறையே அதற்குப் பிறகு மாறியது. சொல்லாமல் வந்து வாசலில் நின்று மாத்திரையை எண்ணிப் பார்த்த ஊழியர்களை விட்டுவிட்டு அந்த ஆய்வைப் பற்றிப் பேசக் கூடாது என்பார் எங்கள் பேராசிரியர். நானும் பேசமாட்டேன்.

வாசலுக்குப் போகிற வேலையின் பலன் எண்களிலும் தெரியும். 2020 கணக்கெடுப்பில், பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறப்பவை இந்தியாவில் 28, தமிழ்நாட்டில் 13. இதில் பெரிய மருத்துவமனைகளுக்கும் பங்குண்டு. ஆனாலும் கர்ப்பிணியின் பெயரை முதலில் பதிந்தவர், "செக்கப்புக்கு ஏன் வரல?" என்று வீட்டுக்கே போய்க் கேட்டவர் துணை சுகாதார நிலையத்துச் செவிலியர்தான். அந்த எண் 13-க்கு இறங்கியதை அவர் கணக்கில்தான் நான் முதலில் எழுதுவேன்.

உங்கள் கையில் செல்போன் செயலி இருக்கும், நிரப்ப வேண்டிய படிவங்கள் இருக்கும். அவற்றைத் திறக்கும் முன் கொஞ்ச நேரம் திண்ணையில் உட்காருங்கள். தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது, யார் வீட்டுக்குக் கடைசியாக வருகிறது என்று கேளுங்கள். கேட்டதை அன்றைக்கே எழுதி வையுங்கள்.

நான் முதலில் சொன்ன அந்த ஊரில் பள்ளிக்கூடத் திண்ணையில் மூன்று முறை கூட்டம் போட்டோம். முதல் கூட்டம் சண்டையில் முடிந்தது. மூன்றாவதில், கீழத்தெருவுக்குத் தனி வால்வு, காலையில் முதல் அரைமணி நேரம் அவர்களுக்கு என்று முடிவானது. மோட்டார்களைக் கழற்றினார்கள். குழிகளை மண் போட்டு மூடி, குழாயை மேலே தூக்கினோம். அந்த மாதக் கடைசிக்குள் நோய் நின்றது.

கூட்டத்தில் பேச எங்களிடம் இருந்த பெரிய ஆதாரம் அந்தச் செவிலியரின் நாற்பது பக்க நோட்டு. எந்த வீட்டில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வந்தது, எத்தனை குடம் என்று பத்து நாள் எழுதியிருந்தார். ஓய்வு பெற்ற அன்று அதை என்னிடம் கொடுத்தார். இன்று பையில் கொண்டுவந்திருக்கிறேன். விழா முடிந்ததும் இங்கேதான் இருப்பேன், வந்து பாருங்கள்.