வீடிழந்த போர்வீரர்

ஐக்கிய அமெரிக்காவின் லொஸ் அஞ்சலீஸ் நகருக்கு மேற்கே, 1888ஆம் ஆண்டிலே, ஆர்க்கேடியா டி பேக்கர் என்னும் சீமாட்டியும் ஜோன் ஜோன்ஸ் என்னும் செனற்சபை உறுப்பினரும் 300 ஏக்கர் நிலத்தை அரசாங்கத்துக்கு உவந்தளித்தனர். அங்கவீனமுற்ற போர்வீரர் வாழ்வதற்கு அங்கே ஓர் இல்லம் என்றும் நிலைபெறவேண்டும் என்பதே கொடையின் நோக்கம். இல்லமும் எழுந்தது. தேவாலயம், தபாற்கந்தோர் முதலியவற்றோடு அது ஒரு சிற்றூராகவே வளர்ந்தது.

1970ஆம் ஆண்டுகளில் அக்குடியிருப்பு அற்றுப்போயிற்று. மருத்துவமனையே எஞ்சி நின்றது. நிலத்தின் பகுதிகள் ஒரு பல்கலைக்கழகத்தின் பேஸ்போல் மைதானத்துக்கும் ஒரு தனியார் பாடசாலையின் விளையாட்டிடங்களுக்கும் குத்தகைக்குப் போயின. 2020, 2021ஆம் ஆண்டுகளிலோ, முன்னாட் போர்வீரர் பலர் அதே நிலத்தின் வேலிக்கு வெளியே, நடைபாதையிற் கூடாரமடித்துக் கிடந்தனர். கூடாரங்களின்மேல் தேசியக் கொடி போர்த்தப்பட்டிருந்தது.

அரசாங்கம் வாளாவிருந்தது எனல் நியாயமன்று. வாடகையின் பெரும்பகுதியை ஏற்கும் சீட்டையும், உடனின்று உதவும் சமூகசேவை அலுவலரையும் ஒருங்கே அளிக்கும் திட்டம் 2008 முதல் விரிவடைந்தது. 2010 ஜனவரியில் ஓரிரவு எண்ணியபோது, நாடெங்கும் வீடின்றியிருந்த முன்னாட் போர்வீரர் ஏறக்குறைய 74,000 பேர். 2024 ஜனவரியில் அத்தொகை 33,000 அளவுக்குக் குறைந்தது. இது சிறிய காரியமன்று. அந்தப் பழைய நிலத்திலும் சில கட்டடங்கள் புதுப்பிக்கப்பட்டன.

எனினும், நேயர்களுக்கு வியப்பளிக்கும் விதியொன்று இடையில் நின்றது. போரில் அடைந்த ஊனத்துக்காக மாதந்தோறும் வழங்கப்படும் நட்டஈடும் வருமானமாகவே கணிக்கப்பட்டது. வருமான எல்லையைக் கடந்தவருக்கு அக்கட்டடங்கள் பலவற்றில் இடமில்லை. ஊனம் மிகுந்தவருக்கே நட்டஈடும் மிகுதி. ஆகவே இரு கால்களையும் இழந்தவர் வசதியுள்ளவர் எனக் கணக்கிடப்பட்டு வாயிலிலேயே தடுக்கப்படலாம். சிறு காயம் பட்டவர் உள்ளே செல்லலாம். ஒரு திணைக்களம் இரங்கிக் கொடுத்த பணத்தையே மற்றொரு திணைக்களம் குற்றமாகக் கண்ட கதை இது.

2024 ஆகஸ்டில் அவ்விதி திருத்தப்பட்டது. தகுதியை நிருணயிக்கும்போது நட்டஈட்டைச் சேர்ப்பதில்லை என்றாயிற்று. ஆயினும் வாடகையைக் கணிக்கும்போது அது சேர்க்கப்பட்டே வந்தது. அலுவலர் பற்றாக்குறை வேறு. வழிகாட்டுவாரின்றி, கையிலிருந்த சீட்டும் பலருக்கு வீடாக மாறவில்லை.

அடுத்த மாதத்தில், முன்னாட் போர்வீரர் தொடுத்த வழக்கில், சமஷ்டி நீதிபதி டேவிட் கார்ட்டர் தீர்ப்பளித்தார். குத்தகைகள் செல்லா, அந்நிலத்திலே 750 தற்காலிக வீடுகளும் 1,800 நிரந்தர வீடுகளும் அமைத்தல் வேண்டும் என்றார். அரசாங்கம் மேன்முறையீடு செய்தது.