மற்ற மூன்றும் ஏன் தவறு?

(போச்சம்பள்ளியில் நடந்த ஆசிரியர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



அரசுப் பணிக்கான போட்டித் தேர்வுகளில் மாணவர்களைத் தடுமாற வைக்கும் கொள்குறி வினாக்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அது பயிற்சி மையங்களின் வேலையல்லவா என்று சிலருக்குத் தோன்றலாம். ஒரு கணக்கைச் சொல்கிறேன். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வில் 200 வினாக்கள், 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். ஒரு வினாவுக்கு 54 விநாடிதான் கிடைக்கும். 100 வினாக்கள் தமிழ், 75 பொது அறிவு, 25 திறனறிவு. கல்வித் தகுதி பத்தாம் வகுப்பு. இந்தத் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் முதலில் தேடி எடுப்பது ஆறாம் வகுப்பு முதல் நாம் நடத்துகிற பாடநூல்களைத்தான். ஆகவே முதல் பயிற்சி மையம் நம் வகுப்பறை.

நம் பகுதியை நினைத்துப் பாருங்கள். படிப்பு முடிந்ததும் பிள்ளைகள் கம்பெனிப் பேருந்தில் ஏறிவிடுகிறார்கள். போச்சம்பள்ளி, பர்கூர் சிப்காட், ஓசூர் என்று வேலை இருக்கிறது. வீட்டுக்கு வருமானம் வருகிறது. அது நல்லதுதான். ஆனால் அவர்களில் சிலர் ஷிப்ட் முடிந்து வந்து, தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு, அரசுத் தேர்வுக்கும் படிக்கிறார்கள். மாதக்கணக்கில் விடுப்பு எடுத்து நகரத்தில் தங்கிப் படிக்க அவர்களால் முடியாது.

அப்படி ஒரு முன்னாள் மாணவி, ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு வரும்போது தன் மாதிரித் தேர்வுத் தாள்களையும் எடுத்து வருவார். “படிச்சதுதான் சார் வருது, ஆனா சுத்தி வளைச்சுக் கேக்கறாங்க” என்பார். அவர் தவறாக எழுதிய வினாக்களை மட்டும் தனியே எடுத்து, ஒவ்வொன்றாகப் பாடத்திலிருந்து நேராகக் கேட்டேன். பாதிக்கு மேல் சரியாகச் சொன்னார். பாடம் தெரியாமல் போனது கொஞ்சம்தான். வினாவை வாசித்த முறையில்தான் மதிப்பெண் போயிருந்தது. அன்றிலிருந்து இந்த வினாக்களை வகைப்படுத்திப் பார்த்து வருகிறேன்.

முதல் வகை, ‘தவறானது எது?’ என்று கேட்பது. நம் மாவட்டத்து எடுத்துக்காட்டையே பார்ப்போம். இராஜாஜி பற்றிய தவறான கூற்று எது? 1. தொரப்பள்ளியில் பிறந்தார். 2. 1930இல் வேதாரண்யம் உப்புச் சத்தியாக்கிரகப் பயணத்துக்குத் தலைமை தாங்கினார். 3. இந்தியாவின் கடைசி வைஸ்ராய். 4. 1954இல் பாரத ரத்னா பெற்றார். தொரப்பள்ளி என்று பார்த்ததும் ‘தெரிந்த ஊர், சரி’ என்று முதல் வட்டத்தைக் கருமையாக்கும் பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கு இராஜாஜியைத் தெரியும்; வினாவின் ‘தவறான’ என்ற ஒரு சொல்தான் கண்ணில் படவில்லை. இன்னொரு சாரார் மூன்றாவதையும் சரியென்று நினைப்பார்கள். கடைசி வைஸ்ராய் மவுண்ட்பேட்டன். விடுதலையோடு அந்தப் பதவிப் பெயரே போய்விட்டது. 1948 முதல் 1950 வரை இராஜாஜி இருந்தது கவர்னர் ஜெனரல் பதவியில். பாடத்தில் இரண்டு சொற்களையும் ஒரே மூச்சில் சொல்லிப் போனால், தேர்வில் இரண்டும் ஒன்றாகவே தெரியும்.

இரண்டாம் வகை, கூற்று–காரணம். கூற்று: கிருஷ்ணகிரி அணை தென்பெண்ணை ஆற்றின் குறுக்கே கட்டப்பட்டுள்ளது. காரணம்: தென்பெண்ணை கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் உற்பத்தியாகிறது. இரண்டும் உண்மை. ஆனால் ஆறு எங்கே பிறக்கிறது என்பது அணை இங்கே இருப்பதை விளக்கவில்லை. ‘இரண்டும் சரி, ஆனால் காரணம் கூற்றுக்கான சரியான விளக்கமன்று’ என்பதே விடை. இதற்கு ஓர் எளிய வழி உண்டு. கூற்றைச் சொல்லி, ‘ஏனென்றால்’ என்று சேர்த்து, காரணத்தைச் சொல்லிப் பார்க்கச் செய்யுங்கள். பொருந்தவில்லையென்றால் காதுக்கே தெரிந்துவிடும்.

மூன்றாம் வகை, ‘அனைத்தும்’, ‘மட்டுமே’, ‘எப்போதும்’ என்ற சொற்கள் வருவது. இப்படிப்பட்ட சொல் இருந்தால் அந்த விடையை அடித்துவிடு என்று ஒரு குறுக்குவழி பிள்ளைகளிடையே உலவுகிறது. ‘மாநிலங்களவை உறுப்பினர்கள் அனைவரும் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள்’ என்பதில் அது பலிக்கும்; 12 பேர் குடியரசுத் தலைவரால் நியமிக்கப்படுபவர்கள். ‘பண மசோதாவை மக்களவையில் மட்டுமே அறிமுகப்படுத்த முடியும்’ என்பதில் அதே வழி காலை வாரிவிடும். அந்தக் கூற்று சரியானது. அந்தச் சொல்லைக் கண்டால் நின்று, விதிவிலக்கு உண்டா என்று கேட்கப் பழக்க வேண்டும். அதற்கு விதிவிலக்கையும் சேர்த்தே பாடம் நடத்தியிருக்க வேண்டும்.

நான்காம் வகை, நம் பிழையை முன்கூட்டியே அறிந்து விடையாக வைத்திருப்பது. கிலோ 50 ரூபாய் விற்ற மாம்பழத்தின் விலை 20 சதவீதம் ஏறி, பிறகு 20 சதவீதம் இறங்கினால் என்ன ஆகும்? ‘மாற்றமில்லை’ என்ற விடை அங்கே காத்திருக்கும். 50 ஏறினால் 60, 60இல் 20 சதவீதம் 12, மிச்சம் 48. அதாவது 4 சதவீதம் குறைவு. மனத்தில் முதலில் தோன்றுகிற விடை நான்கில் ஒன்றாக இருப்பதால் மட்டும் அது சரியாகிவிடாது.

இனி, நாம் என்ன செய்யலாம்? ஒரு மதிப்பெண் வினாவுக்கு விடை சொன்னதும் அடுத்ததற்குப் போய்விடுவது நம் வழக்கம். நாளுக்கு ஒரு வினாவில் மட்டும் நின்று, ‘மற்ற மூன்றும் ஏன் தவறு?’ என்று கேளுங்கள். கூடுதலாக மூன்று நிமிடம் ஆகும். ஆனால் ஒரு வினாவில் நான்கு செய்திகள் நிலைக்கும். வாரம் ஒருமுறை பிள்ளைகளையே வினா எழுதச் சொல்லுங்கள். நம்பும்படியான தவறான விடை மூன்றை உருவாக்கிய பிள்ளை, அடுத்தவர் உருவாக்கியதில் எளிதில் விழாது.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்களின் பங்கு இதைவிடப் பெரியது. நம் எல்லைப் பகுதியில் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசி, பள்ளியில் தமிழ் படிக்கும் பிள்ளைகள் பலர். ‘அல்ல’, ‘இல்லை’, ‘தவிர’, ‘அன்று’ ஆகிய சொற்கள் வாக்கியத்தின் பொருளைத் தலைகீழாக்குவதை மூன்றாம் வகுப்பிலேயே விளையாட்டாகச் சொல்லித்தரலாம். குரூப் 4 தமிழ்ப் பகுதியில் 150க்கு 60 மதிப்பெண் எடுத்தால்தான் மற்ற பகுதி கணக்கில் சேரும். பொது அறிவில் கெட்டிக்காரராக இருந்தாலும், தமிழில் சறுக்கினால் அத்தனை உழைப்பும் வீண்.

தேர்வு எழுதும் பழைய மாணவர்கள் உங்களிடம் வந்தால் சில செய்திகளைச் சொல்லுங்கள். முதல் சுற்றில் தெரிந்தவற்றை முடித்துவிட வேண்டும். தயங்க வைப்பதைக் குறித்துவைத்து இரண்டாம் சுற்றில் பார்க்க வேண்டும். பொருத்துக வினாவில் உறுதியாகத் தெரிந்த இணையிலிருந்து தொடங்க வேண்டும். மேட்டூர்–காவிரி, சாத்தனூர்–தென்பெண்ணை இரண்டும் தெரிந்தாலே பொருந்தாத விடைகள் கழிந்துவிடும். பொது அறிவு வினாவின் தமிழ் வாக்கியம் குழப்பினால், பக்கத்திலுள்ள ஆங்கில வாக்கியத்தையும் பார்க்க வேண்டும். ஐயம் வந்தால் அதுவே இறுதியானது. குரூப் 4இல் தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. யூ.பி.எஸ்.சி. முதல்நிலைத் தேர்விலும் ரயில்வே தேர்விலும் மூன்றில் ஒரு பங்கு கழிப்பார்கள். ஆகவே ஊகிப்பதா விடுவதா என்பதை அந்தந்தத் தேர்வின் விதியைப் படித்த பிறகே முடிவு செய்ய வேண்டும். டி.என்.பி.எஸ்.சி. விடைத்தாளில் விடை தெரியவில்லை என்பதற்கென ‘ஈ’ என்ற ஐந்தாவது வட்டம் இருப்பதையும் முன்பே அறிந்திருக்க வேண்டும். அந்தத் தாளை நிரப்பத் தேர்வறையில்தான் முதன்முதலாகக் கற்றுக்கொள்வது என்று இருக்கக் கூடாது.

எல்லோருக்கும் அரசு வேலை கிடைத்துவிடாது. பணியிடங்கள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. ஆனால் தெரிந்த விடையைத் தவறவிட்டு ஒரு பிள்ளை பின்தங்குவதை நாம் குறைக்க முடியும். ஒரு வாக்கியத்தைக் கடைசிச் சொல் வரை வாசிக்கிற பழக்கம் ஊதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போதும், வங்கிக் கடன் படிவத்தை நிரப்பும்போதும் உடன் வரும். நாளைய முதல் பாடவேளையில், நீங்கள் நடத்தும் பாடம் எதுவானாலும், ஒரே ஒரு வினாவை எடுத்துத் தொடங்குங்கள்.