கட்டம் போட்டு வரைந்த புத்தர்
(பரிசளிப்பு விழாவில் ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

ஓவியப் பரிசு கொடுக்க என்னை அழைத்திருக்கிறார்கள். அதற்கு முன் என் தவறு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். முன்பு வேறொரு பள்ளியில் நான் வேலை பார்த்தபோது, ஒரு பையன் காலண்டர் முருகன் படத்தின்மேல் பென்சிலால் கட்டம் போட்டு, அதே கட்டத்தைத் தன் தாளிலும் போட்டு, அளவு பார்த்து வரைந்துகொண்டிருந்தான். "ஏன்டா, இது காப்பியடிக்கிற வேலை. இதுவா கலை?" என்று வகுப்பு முன்னாலேயே கேட்டுவிட்டுத் தாளையும் பிடுங்கிக்கொண்டேன். அப்புறம் அவன் பென்சிலைத் தொடவே இல்லை.

பல வருடம் கழித்துத்தான் திபெத்தியர்களின் தங்கா ஓவியத்தைப் பற்றிப் படித்தேன். துணியில் தீட்டி, சுருட்டி வைக்கிற புத்தர் படம் அது. பருத்தித் துணியை மரச்சட்டத்தில் நூலால் இழுத்துக் கட்டுவார்கள். சுண்ணப்பொடியையும் விலங்குத் தோலைக் காய்ச்சிய பசையையும் கலந்து பூசி, காய்ந்ததும் வழவழப்பான கல்லால் தேய்ப்பார்கள். அப்புறம் என்ன? கோடுகள்தான்! நடுவிலே நேராக ஒரு கோடு. அதை வைத்துக் கட்டங்கள். ஒரு விரல் அகலம்தான் அளவு. 12 விரல் சேர்ந்தால் ஒரு முகம். வரைகிறவரின் விரல் என்று நினைத்துவிடாதீர்கள், படத்திலுள்ள புத்தரின் விரல். ஆகவே படம் சிறிதானாலும் பெரிதானாலும் கணக்கு மாறாது. நம் சிற்பிகளின் தாலக் கணக்கும் இந்த வகைதான். 15ஆம் நூற்றாண்டில் மென்லா தொண்டுப் என்ற ஓவியர் இந்த அளவுகளைப் பற்றி நூலே எழுதினார்.

இந்தியாவில் தர்மசாலா பக்கத்தில், 1988இல் தொடங்கிய நோர்புலிங்கா என்ற கலைக்கூடம் இருக்கிறது. அங்கே தங்கா படிக்க வருபவருக்கு ஆரம்பப் பாடம் புத்தரின் தலை. அதையே திரும்பத் திரும்ப வரைய வேண்டும். வர்ணத்தைத் தொடச் சில வருடம் ஆகும். நம் பிள்ளைகளோ முதல் நாளே வாட்டர் கலர் கேட்டு அழுகிறார்கள்!

ஏன் இத்தனை கட்டுப்பாடு? தியானம் செய்கிறவர் அந்த உருவத்தை அப்படியே மனத்தில் நிறுத்த வேண்டுமல்லவா? மருந்துப் புத்தர் நீல நிறம். சாக்கியமுனியின் வலது கை பூமியைத் தொடும். இடது கையில் பிச்சைப் பாத்திரம். இதையெல்லாம் ஓவியர் மாற்றமாட்டார். மேகம், மலை, பூ, மான் இவற்றில்தான் அவர் கை கொஞ்சம் விளையாடும்.

வர்ணமும் லேசான வேலை இல்லை. சிவப்புக்குச் சாதிலிங்கம், நீலத்துக்கும் பச்சைக்கும் செம்புத் தாதுக்கற்கள். நீலக்கல்லைக் கொரகொரப்பாக விட்டால் அடர்நீலம். நைசாக அரைத்தால் வெளிர்நீலம். எங்கே நிறுத்துவது என்று கைக்குத் தெரிய வேண்டும். பால்மரம் வெட்டிய பெரியவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். உளி ஆழமாய்ப் போனால் மரத்துக்குக் காயம். மேலோடு போனால் பால் வராது.

வானமும் மலையும் முதலில். முகம் கடைசியில், அதிலும் கண் கடைசிக்குக் கடைசி. கண் திறந்தபின் துணியின் பின்பக்கம், நெற்றிக்கும் கழுத்துக்கும் நெஞ்சுக்கும் நேராக ஓம், ஆ, ஹூம் என்று எழுதுவார்கள். வரைந்தவர் பெயர்? பெரும்பாலான தங்காக்களில் அது இருக்காது.

இன்று முதல் பரிசு வாங்கப்போகும் ஐந்தாம் ஆண்டு மாணவியின் படத்திலும் பென்சில் கட்டம் லேசாகத் தெரிகிறது. "சரியாக அழிக்கவில்லையே" என்றார் இன்னொரு நடுவர். நான் முழுப் புள்ளியும் போட்டேன்.

அந்தப் பையனுக்கு இப்போது நடுவயது இருக்கும். இந்த மலர் அவன் கையில் கிடைத்தால் இதைப் படிக்கட்டும்: தம்பி, உன் முருகன் தாள் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. முகம் மட்டும்தான் பாக்கி. ஒருநாள் வந்து வரைந்து கொடுப்பா.