கொட்டை எழுத்தும் வெற்றுப் பத்தியும்

(நமது சங்கத்தின் கொல்கத்தா அங்கத்தினர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களுக்கு நமஸ்காரம். மற்றவர்களுக்கு ஆசீர்வாதம். என் வயதில் இரண்டாவது கோஷ்டிதான் பெரிசு.

பழைய பேப்பர் தலைப்புகளைப் பற்றி வேடிக்கையாக ஏதாவது பேசச் சொன்னார்கள். இதற்கு என்னைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், எங்காத்தில் பேப்பரை எடைக்குப் போடவிடாமல் அடுக்கி வைப்பவன் நான் என்று என் சகதர்மிணி ஊரெல்லாம் சொல்லி வைத்திருப்பதுதான்.

கல்கத்தா தமிழர்களுக்கு (2001 முதல் கொல்கத்தா, வாய் பழகவில்லை, மன்னிக்கவும்) எல்லாப் பேப்பருமே ஒரு காலத்தில் பழைய பேப்பர்தான். மதராஸ் பத்திரிகை மெயிலில் இரண்டு ராத்திரி பிரயாணம் செய்து ஹௌராவில் இறங்கும். அதற்குள் தலைப்பில் விழப்போவதாக இருந்த மந்திரிசபை விழுந்து, எழுந்து, இன்னொரு முறை விழுந்திருக்கும். என் தாத்தா அசரமாட்டார். "நமக்கு இன்னிக்குத்தானேடா விழுந்திருக்கு!" என்பார்.

தாத்தாவின் இன்னொரு பழக்கம், பேப்பரை நடுப்பக்கத்திலிருந்து பிரிப்பது. காரணம் உண்டு. 1958 ஜனவரி 14 வரைக்கும் ஹிந்து பத்திரிகையின் முதல் பக்கத்தில் செய்தியே கிடையாது, விளம்பரம்தான். லண்டன் டைம்ஸ் 1966 வரை அப்படியே ஓட்டிற்று. உலகம் அழிந்தாலும் முதலில் கண்ணில் படுவது விளம்பரம். அழிந்த விவரம் உள்ளே.

இந்த ஊர்க்காரர்களுக்கு டோங்கா தெரியும். வெளியூர் அன்பர்களுக்காகச் சொல்கிறேன்: பழைய பேப்பரில் ஒட்டிய பொட்டலப் பை. ஜால்முடி அதில்தான் வரும். பொரி, கடலை, பச்சை மிளகாய், கடுகெண்ணெய் எல்லாம் தின்று முடித்தபின் பையைப் படிப்பது இலவசம். ஆனால் பாதித் தலைப்புதான் கிடைக்கும். "முதல்வர் ராஜினாமா" என்று வெளியே இருந்தால், "செய்ய மறுப்பு" என்பது பசை தடவின மடிப்புக்குள் போயிருக்கும்.

முழுத் தலைப்பே காலை வாரிவிடுவதும் உண்டு. 1948 நவம்பர் 3 தேதியிட்ட சிகாகோ ட்ரிப்யூன், அமெரிக்கத் தேர்தலில் ட்ரூமனை டியூவி தோற்கடித்தார் என்று கொட்டை எழுத்தில் போட்டது. அச்சுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் பக்கத்தைச் சீக்கிரமே முடிக்க வேண்டிய நிர்ப்பந்தம்; ஓட்டு எண்ணி முடிவதற்குள் ஜோசியம் பார்த்துவிட்டார்கள். ஜெயித்த ட்ரூமன் அந்தப் பேப்பரையே தூக்கிப் பிடித்துச் சிரித்த போட்டோ உலகப் பிரசித்தம்.

நம் தேசமும் இதில் பின்தங்கவில்லை. 1979 மார்ச்சில் ஜெயப்பிரகாஷ் நாராயண் காலமானார் என்று ரேடியோவில் சொல்லி, பார்லிமென்டில் இரங்கலும் தெரிவித்துவிட்டார்கள். அவரோ பம்பாய் ஆஸ்பத்திரியில் உயிரோடு இருந்தார். அதற்குப் பிறகு ஆறு மாதத்துக்கு மேல் இருந்துவிட்டு, அக்டோபர் 8-ஆம் தேதிதான் போனார். இருக்கும்போதே இரங்கலைக் கேட்கும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்!

தப்பாகப் போட்ட தலைப்பைப் பார்த்துச் சிரிக்கலாம். போடவிடாத தலைப்பு என்று ஒன்று இருக்கிறது. அந்தக் கதை நம் ஊரிலேயே, இந்தியாவின் முதல் பத்திரிகையோடேயே ஆரம்பிக்கிறது.

1780 ஜனவரி 29, சனிக்கிழமை. ஜேம்ஸ் அகஸ்டஸ் ஹிக்கி, கடனுக்காக ஜெயிலில் இருந்த மனுஷர், 'பெங்கால் கெஜட்' வாரப் பத்திரிகையைக் கல்கத்தாவில் கொண்டுவந்தார். அதில் கொட்டை எழுத்துத் தலைப்பெல்லாம் கிடையாது. பட்டப்பெயர் உண்டு. கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ், பிரதம நீதிபதி எலைஜா இம்பே என்று யாரையும் விடவில்லை. கீர்னாந்தர் என்ற ஸ்வீடன் தேசத்துப் பாதிரியாரையும் வம்புக்கு இழுத்தார். (இந்தப் பாதிரியார் கல்கத்தா வருமுன் பதினெட்டு வருஷம் நம் கடலூரில் இருந்தவர்.) முதலில் தபாலில் பத்திரிகை போகக்கூடாது என்றார்கள். ஹிக்கி ஆள் வைத்து வீடுவீடாக அனுப்பினார். பிறகு வழக்குப் போட்டார்கள். விசாரித்தது யார்? அதே இம்பே! கிண்டல் செய்யப்பட்டவரே நாற்காலியில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னால் எப்படி இருக்கும்? ஹிக்கி ஜெயிலுக்குள்ளிருந்தும் பத்திரிகை நடத்தினார். கடைசியில் 1782 மார்ச்சில் அச்சு எழுத்துக்களையே பறிமுதல் செய்தார்கள். எழுத்தே இல்லாமல் எப்படி எழுதுவது?

அடுத்து 1878. பாரத பாஷைப் பத்திரிகைகளின் வாயைக் கட்ட லிட்டன் பிரபு மார்ச் மாதம் ஒரு சட்டம் கொண்டுவந்தார். இங்கிலீஷ் பத்திரிகைக்கு அது பொருந்தாது. ஏற்கெனவே பாதி வங்காளமும் பாதி இங்கிலீஷுமாக வந்துகொண்டிருந்த அமிர்த பஜார் பத்திரிகா, அடுத்த இதழிலேயே முழுக்க இங்கிலீஷுக்கு மாறிவிட்டது. சர்க்காரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அதே வருஷம் செப்டம்பரில் மதராஸில் ஆறு இளைஞர்கள் ஒரு ரூபாய் பன்னிரண்டணா கடன் வாங்கி 80 பிரதி அச்சடித்தார்கள். முத்துசாமி ஐயர் ஹைகோர்ட் ஜட்ஜ் ஆனதை வெள்ளைக்காரப் பத்திரிகைகள் பொறுக்காமல் எழுதியதற்குப் பதிலடி. அதுதான் ஹிந்து.

1975 ஜூன் எமர்ஜென்சிக்கு வருகிறேன். இங்கே கூந்தல் நரைத்தவர்களுக்கெல்லாம் ஞாபகம் இருக்கும். ஸ்டேட்ஸ்மன் சில இடங்களை வெறுமையாகவே விட்டு வெளிவந்தது. வெள்ளைக் காகிதத்துக்குக் காசு கொடுத்து வாங்கினோம்! பம்பாய் டைம்ஸ் ஆஃப் இந்தியாவின் மரண அறிவிப்புப் பகுதியில், 'டி.இ.எம். ஓ'கிரசி' என்பவர் ஜூன் 26 அன்று காலமானதாக நாலு வரி வந்தது. மனைவி டி. ரூத், பிள்ளை எல்.ஐ. பெர்டி. சேர்த்து உச்சரித்துப் பார்த்தால் டெமாக்ரசி, ட்ரூத், லிபர்ட்டி. விளம்பரப் பகுதி என்பதால் யாரும் கவனிக்கவில்லை போலும். தாத்தா சொன்ன மாதிரி, விளம்பரத்தையும் படிக்கணும்.

கௌர் கிஷோர் கோஷ் விஷயம் மட்டும் சிரிக்க வராது. ஆனந்த பஜாரில் எழுதிய நகைச்சுவைக்காரர், நம் ஊர்க்காரர். எழுதும் சுதந்திரம் போய்விட்டது என்று தலையை மழித்துக்கொண்டார். மொட்டை ஏன் என்று தன் சின்னப் பிள்ளைக்கு எழுதிய கடிதம் 'கொல்கத்தா' என்ற பத்திரிகையில் வந்தது. 1975-லேயே மிசாவில் உள்ளே போட்டார்கள். தாயார் தகப்பனார் போனால் தலை மழிப்பது நமக்குத் தெரியும். பேனா போனதற்கு மழித்துக்கொண்டவர் வேறு யாரையாவது நீங்கள் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? பிற்பாடு 1981-ல் அவருக்கு மகசேசே விருது கொடுத்தார்கள். அதை எல்லாப் பத்திரிகையும் தலைப்பு வைத்துப் போட முடிந்தது.

காபி ஆறுகிறது என்று மாமி ஜாடை காட்டுகிறார். நமஸ்காரம்.