பாடகர் குழுவுக்கு எந்தக் கீபோர்டு?



உங்கள் காணிக்கையில் கீபோர்டு வாங்கக் கடைக்குப் போகும் இளைஞர்களே, 'டீட்யூன்', 'கோரஸ்' இரண்டையும் காதால் சோதித்த பின்பே பணம் கட்டுங்கள்.

டீட்யூன் என்பது ஒரே சுரத்தை இரண்டு ஒலிகள் மயிரிழை விலகி ஒலிப்பது. ஒன்று நொடிக்கு 440 அதிர்வு, மற்றது 441 என்றால், நொடிக்கொரு முறை ஓசை ஏறி இறங்கும். குழாய் ஆர்கனில் 'விண்ணகக் குரல்' என்று பொருள்படும் 'வுவா செலெஸ்த்' ஸ்டாப்பும் இதே வித்தைதான்!

கோரஸ் வேறு. ஒலியைச் சில மில்லி நொடி தாமதித்து, அத்தாமதத்தைக் கூட்டிக் குறைத்து, மூல ஒலியோடு கலப்பது. 1984இல் வந்த ரோலண்ட் ஜூனோ-106இன் செழித்த நாதம் பெரும்பாலும் அதன் இரு கோரஸ் பொத்தான்களின் தயவே. 1983இன் யமஹா டிஎக்ஸ்7இலோ டீட்யூன் உண்டு, கோரஸ் இல்லை.

நம் ஆலயத்தில் எதிரொலி ஏற்கெனவே அதிகம். கோரஸும் மிகுந்தால் சுருதி கலங்கும்; பிள்ளைகள் எதைப் பிடித்துப் பாடுவார்கள்? ஆகவே குறைக்கவும் அடியோடு அணைக்கவும் இயலும் கருவியையே கேளுங்கள். ஹெட்போனில் கேட்டு மயங்கிவிடாதீர்கள். இரு காதுக்கும் பிரித்துத் தரும் கோரஸ், நம்முடைய ஒற்றை ஒலிபெருக்கியில் மெலிந்துபோகலாம். கடையிலேயே ஒரே பெட்டியில் இணைத்து வாசிக்கச் சொல்லுங்கள்.