பொடுதலையின் பெயர்கள்

குளத்தங்கரை, வயல் வரப்பு, வாய்க்கால் ஓரம் என்று ஈரம் தங்கிய இடமாகப் பார்த்துத் தரையோடு தரையாகப் படர்ந்து கிடக்கும் பொடுதலையைப் பற்றி இன்று பேசுகிறேன். தலையில் பொடுகு வந்தால் இதன் சாற்றை எண்ணெயில் காய்ச்சித் தேய்ப்பார்கள். துவையலாக அரைப்பதும் உண்டு. அந்த மருத்துவம் உங்களுக்குத் தெரிந்ததுதான். செடியைச் சரியாக அடையாளம் காண்பதும், அதன் அறிவியல் பெயர் மாறி வந்த கதையும்தான் இன்றைய பேச்சு.

தண்டு மெல்லியது. கணுவுக்குக் கணு வேர் இறங்கியிருக்கும். இழுத்தால் மண்ணும் கூடவே வரும். இலைகள் எதிரெதிராக, இரண்டிரண்டாக இருக்கும். ஓர் இலையைப் பறித்து விளிம்பைப் பாருங்கள். அடிப்பக்கம் ஒடுங்கி, பல் எதுவும் இல்லாமல் இருக்கும். மேல்பாதி அகன்று, அங்கே மட்டும் ரம்பப் பற்கள் தெரியும். உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் இன்னொன்றும் தெரியும்: இலைமேல் உள்ள நுண்மயிர் ஒவ்வொன்றும் நடுவில் ஒட்டிக்கொண்டு, இரண்டு பக்கமும் கை நீட்டிப் படுத்துக் கிடக்கும்.

பூவைப் பார்த்துவிட்டால் சந்தேகமே வராது. இலைக்கக்கத்திலிருந்து ஒற்றைக் காம்பு, இலையைவிட நீளமாக, நிமிர்ந்து எழும். அதன் முனையில் தீக்குச்சி மருந்துபோல ஒரு சிறு கொண்டை. தொடக்கத்தில் உருண்டையாக இருக்கும் கொண்டை, நாளாக ஆக நீண்டு உருளையாகும். பூக்கள் அடியிலிருந்து மேல்நோக்கி வரிசையாக மலர்வதால், எப்போது பார்த்தாலும் கொண்டையைச் சுற்றி ஒரு வளையம்தான் பூத்திருக்கும். வெள்ளை அல்லது வெளிர் ஊதா நிறம், தொண்டையில் மஞ்சள். இவ்வளவு சிறிய பூவுக்குள் இரண்டு உதடுகள், நான்கு மகரந்தத் தாள்கள்! காய் முற்றினால் இரண்டு சிறு கொட்டைகளாகப் பிரியும்.

இனி பெயருக்கு வருவோம். 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் இதற்கு வெர்பினா நோடிஃப்ளோரா என்று பெயரிட்டார். நோடிஃப்ளோரா என்றால் கணுவில் பூப்பது. 1803இல் வெளிவந்த மிஷோவின் வட அமெரிக்கத் தாவர நூல் இதை லிப்பியா பேரினத்துக்கு மாற்றியது. ஆப்பிரிக்கப் பயணத்தில் கொல்லப்பட்ட இயற்கையியலாளர் லிப்பியின் நினைவாக அமைந்த பெயர் அது. இதற்கிடையில், இன்றைய வியட்நாமில் பணியாற்றிய போர்த்துகீசியப் பாதிரியார் லொரைரோ, 1790இலேயே பைலா என்ற பேரினத்தை உருவாக்கியிருந்தார். 1899இல் அமெரிக்கத் தாவரவியலாளர் கிரீன் நம் செடியை அதில் சேர்த்தார். அன்று முதல் இது பைலா நோடிஃப்ளோரா. பேரினம் இரண்டு முறை மாறியும் இனப்பெயர் அப்படியே நின்றதைக் கவனியுங்கள். நூல்களில் இந்தப் பெயரை அடுத்து, அடைப்புக்குறிக்குள் லின்னேயஸின் முதலெழுத்தும் வெளியே கிரீன் பெயரும் இருக்கும். முதலில் பெயரிட்டவருக்கும் இடம் மாற்றியவருக்கும் உரிய மரியாதை அந்தச் சிறு குறிப்பிலேயே அடங்கிவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் இது.

குடும்பம் வெர்பினேசி. உண்ணிச்செடியும் இதே குடும்பந்தான். முன்பு இதில் இருந்த தேக்கையும் நொச்சியையும் இப்போது துளசியின் குடும்பத்தில் வைக்கிறார்கள். பொடுதலை இருந்த இடத்திலேயே இருக்கிறது.

பெயர் எதுவானால் என்ன என்று கேட்கலாம். ஆஸ்திரேலியாவின் மர்ரே-டார்லிங் ஆற்றுச் சமவெளியில் லிப்பியா என்றாலே விவசாயிகளுக்கு எரிச்சல். மேய்ச்சல் நிலத்தை விழுங்கும் களை அது. ஆனால் அது நம் பொடுதலை அல்ல. தென் அமெரிக்காவிலிருந்து போன பைலா கேனசென்ஸ் என்ற வேறு இனம். லிப்பியா என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு தேடினால், அந்தக் களையைப் பற்றி எழுதியதையெல்லாம் பொடுதலையின் தலையில் ஏற்றிவிடுவோம்.

நம்மிடையே பழைய மருந்து நூல்களிலும் மூலிகைப் பொட்டலங்களிலும் லிப்பியா நோடிஃப்ளோரா என்ற பெயர் இன்னும் புழங்குகிறது. அதைப் பார்த்து வேறு செடியோ என்று மாணவர்கள் குழம்ப வேண்டாம். மூலிகை விற்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பொட்டலத்தில் பொடுதலை என்று தமிழில் பெரிதாகப் போடுங்கள், அதன் கீழே பைலா நோடிஃப்ளோரா என்ற இன்றைய பெயரையும் சேர்த்து அச்சிடுங்கள்.